காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

ஸ்ரீவைகுண்டம் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? நவதிருப்பதிகளில் முதலாவதான கள்ளபிரான் கோயில், குமரகுருபரர் பிறந்த ஊர், தாமிரபரணியின் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு, அதற்குக் கீழே நெல்லும் வாழையும். ரசாயனம் என்றால் அங்கே உரக்கடையும் பூச்சிமருந்துக் கடையும்தான். ரசாயன விபத்துகளுக்கு ஒரு நாடு எப்படித் தயாராகிறது என்று பேச இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் இல்லை என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த அணைக்கட்டிலிருந்து வயலுக்கு மட்டும் தண்ணீர் போகவில்லை. தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் தண்ணீர் கொண்டுபோகவும் ஒரு திட்டம் போடப்பட்டது. '20 எம்.ஜி.டி. திட்டம்' என்று இந்தப் பகுதி விவசாயிகள் வருத்தத்தோடு சொல்வது அதைத்தான். தூத்துக்குடியில் அம்மோனியாவும் யூரியாவும் தயாரிக்கும் ஸ்பிக் 1970களிலிருந்து இருக்கிறது. தெற்கே ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவே சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலை 1950களின் கடைசியிலிருந்து காஸ்டிக் சோடா தயாரிக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுத்தால் கூடவே குளோரின் வந்தே தீரும். இது பள்ளிக்கூட வேதியியல்தான். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் ஏறினால் நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி... அவ்வளவு பக்கம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த ஆலைகளில் பல ஆயிரம் பேருக்கு வேலை. குளோரின் இல்லாமல் குடிதண்ணீர் இல்லை, அம்மோனியா இல்லாமல் யூரியா இல்லை, யூரியா இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கின் மூன்று போக நெல்லும் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு இரவில் ஏதாவது ஒரு வால்வு கழன்றுகொண்டால் என்ன செய்வது என்று யார் யோசித்து வைத்திருக்கிறார்கள்? டெல்லியில் யோசித்திருக்கிறார்கள். சென்னையில் யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை எந்த ஊர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

கதை தொடங்குவது 1984 டிசம்பர் 2 இரவு, போபாலில். யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. தண்ணீர் உள்ளே போய்ச் சூடேறி வாயுவாகக் கிளம்பியது. மத்தியப் பிரதேச அரசின் கணக்குப்படி 3,787 பேர் செத்தார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்று பாதிக்கப்பட்டவர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். அந்த ராத்திரி நகரத்து மக்களுக்கு அது என்ன வாயு என்று தெரியாது, ஓடுவதா உட்காருவதா என்று தெரியாது. நனைத்த துணியை முகத்தில் மூடிக்கொண்டு படுத்திருந்தாலே பலர் பிழைத்திருப்பார்கள் என்று பின்னால் சொன்னார்கள். பின்னால்!

அதற்குப் பிறகுதான் சட்டங்கள் வந்தன. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989இல் அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள். 1996இல் ரசாயன விபத்துகளுக்கான அவசரகாலத் திட்டமிடல், ஆயத்தம், மீட்பு விதிகள். 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம், அதன் கீழ் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம். 2007இல் அந்த ஆணையம் ரசாயனப் பேரிடர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெரிய விபத்துக்கு வாய்ப்புள்ள ஆலைகள் நாடு முழுக்க 301 மாவட்டங்களில் 1,861 இருப்பதாக ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது.

இவற்றில் 1996 விதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசிதழ் நடை தூக்கம் வரவைக்கும் என்பது நிஜம்தான். ஆனால் இந்த விதிகளை எழுதியவர் யாரோ, சின்ன ஊர்களை அறிந்தவர்.

நான்கு படிகள் அதில். மேலே மத்திய நெருக்கடிக் குழு, அடுத்து மாநிலக் குழு, அடுத்து மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு, கடைசியில் ஆலைகள் இருக்கும் பகுதிக்கு உள்ளூர்க் குழு. மேலே போகப்போகக் கூட்டங்கள் குறையும். மத்தியக் குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மாநிலக் குழு மூன்று மாதத்துக்கு, மாவட்டக் குழு 45 நாளுக்கு, உள்ளூர்க் குழு மாதா மாதம். ஆபத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் அடிக்கடி கூட வேண்டும் என்ற எளிய கணக்கு. உள்ளூர்க் குழுவில் யார் யார் என்று பாருங்கள். கோட்டாட்சியர் நிலை அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அதிகாரி, காவல் நிலைய அதிகாரி, வட்டார வளர்ச்சி அலுவலர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், ரசாயனம் ஏற்றிச்செல்லும் லாரி உரிமையாளர்கள், ஊர்த் தலைவர், உள்ளூரில் பேர்பெற்ற இரண்டு டாக்டர்கள், இரண்டு சமூக சேவகர்கள், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர்! ஊரில் ஒரு சேதி பரவ வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அத்தனை பேரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லி வைக்க ஆலைகளுக்கு உதவுவதும் இந்தக் குழுவின் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை நடத்துவதும் அதன் வேலை.

இப்போது ஸ்ரீவைகுண்டம் பேருந்து நிலையத்திலோ ஆறுமுகநேரி கடைத்தெருவிலோ நின்று, "அண்ணாச்சி, உள்ளூர் நெருக்கடிக் குழுவில் நம்ம ஊர் சார்பா யாரு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டுறவு சங்கத் தேர்தல் பற்றிக் கேட்கிறீர்களோ என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. குழு இருப்பதே தெரியாத இடத்தில் குழு கூடியதா என்று யார் கேட்பார்கள்? ரேஷன் கடை பூட்டிக் கிடந்தால் ஊரே திரண்டு கேட்கும், ஏனென்றால் கடை திறக்கும் நாள் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பக்கத்துக்கு ரசாயனச் செய்தி புதிதும் இல்லை. 2013 மார்ச் 23 காலை தூத்துக்குடியில் கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சுத் திணறல் என்று மக்கள் புகார் சொன்னார்கள். ஸ்டெர்லைட் ஆலையிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடு என்று குற்றச்சாட்டு, நிறுவனம் மறுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 29ஆம் தேதி ஆலையை மூடச் சொன்னது, பசுமைத் தீர்ப்பாயம் மே கடைசியில் திறக்கச் சொன்னது. பேச்சு முழுக்க அது யாருடைய வாயு என்பதைச் சுற்றியே இருந்தது. அப்படி ஒரு காலையில் ஆஸ்துமா உள்ள ஒரு பெரியவர் எந்தத் தெருப்பக்கம் நடக்க வேண்டும் என்பது பேச்சில் வரவே இல்லை.

2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு, மே 28 அன்று அரசு ஆலையை மூடியது. அதோடு முடிந்ததா? ஜூன் 17 அன்று, பூட்டிய ஆலைக்குள் இருந்த தொட்டியிலிருந்து கந்தக அமிலம் கசிவதாகத் தெரிந்து, மாவட்ட நிர்வாகம் அதை டேங்கர் லாரிகளில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டி வந்தது. மூடிய ஆலை செத்த பாம்பு என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். போபாலிலும் அந்த வாயுவின் உற்பத்தி நடந்துகொண்டிருக்கவில்லை, தொட்டியில் சும்மா கிடந்ததுதான் வெளியே வந்தது. 2020 மே 7 விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலும் ஊரடங்கில் வேலை நின்றிருந்தபோது தொட்டியில் கிடந்த ஸ்டைரின்தான் சூடேறிக் கிளம்பியது. 12 பேர் இறந்தார்கள். ஆலையின் அபாயச் சங்கு அன்றைக்கு ஊதப்படவே இல்லை.

சரி, இனி 2023 டிசம்பருக்கு வரலாம். ஸ்ரீவைகுண்டத்தின் பெயர் இந்தியா முழுக்கப் போன மாதம் அது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதி மக்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளங்கள் உடைந்தன, ஆறு கரை தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியே இல்லை, வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் ரயிலிலேயே இருந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து சேர்ந்தது 19ஆம் தேதி.

அதுவரை? புதுக்குடி மக்கள் சோறு ஆக்கிப் போட்டார்கள். தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது, கையில் இருந்த அரிசியைக் கோயிலில் வைத்துப் பொங்கி, முன்பின் தெரியாத 800 பேருக்குக் கொடுத்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, எந்தத் திட்டத்திலும் அது எழுதி வைக்கப்படவில்லை. தாமிரபரணிக் கரையில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். மேட்டுக்குப் போ, கோயிலில் கூடு, அடுப்பை மூட்டு, மாட்டை அவிழ்த்து விடு.

இந்த அறிவு வாயுவுக்கு உதவாது. அதுதான் பயம்.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தரையோடு தரையாக, வாய்க்கால் வழியாக, பள்ளத்தைத் தேடி ஊர்ந்து போகும். அப்போது கோயிலில் கூடுவது ஆபத்து, அடுப்பு மூட்டுவது வீண் வேலை, வேடிக்கை பார்க்க ஓடுவது தற்கொலை. காற்றின் குறுக்காக விலகிப் போக வேண்டும், உயரத்துக்குப் போக வேண்டும். நேரமில்லையென்றால் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு மேல்மாடியில் உட்கார வேண்டும். ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற நான்கு பேர் ஓடுவது நம் ஊர் வழக்கம். வாயுவில் அந்த நான்கு பேரும் விழுவார்கள். புதுக்குடியின் நல்ல குணமே அங்கே எமனாகிவிடும். ஒரு ஊருக்கு இதைவிடக் கொடுமையான நிலை உண்டா?

வெள்ளமும் வாயுவும் தனித்தனியாக வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதே மழையில் தூத்துக்குடி ஸ்பிக் ஆலைக்குள் வெள்ளம் புகுந்து உற்பத்தி நின்றது. இங்கே அது வெள்ளத்தோடு போயிற்று. வடக்கே அப்படிப் போகவில்லை. சரியாக ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், சென்னை எண்ணூரில் கோரமண்டல் ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களை எழுப்பியது நெடி. அதாவது மூக்குதான் சைரன். அந்த மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலில் நகர்ந்த பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு சொன்னது. புயல் போய் மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தப் புயலின் மிச்சம் வாயுவாக வந்திருக்கிறது.

இதைக் கொண்டுபோய் ஸ்ரீவைகுண்டம் மழையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். டிசம்பர் 18 அன்று சாலைகள் அறுந்து கிடந்தன, ஏரல் பாலத்தின் அணுகுசாலை போயிருந்தது, மின்சாரம் இல்லை, செல்போன் டவர்கள் இல்லை. வெள்ள நிவாரணத்தைப் பார்க்க வந்த மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரியே ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கித் தொடர்பில்லாமல் போனார். அதே 2023இல்தான் எல்லோருடைய செல்போனிலும் 'கீ கீ' என்று ஒரு சோதனை எச்சரிக்கை அலறியது, நினைவிருக்கிறதா? நல்ல ஏற்பாடுதான். டவர் இருந்தால்.

அன்றைக்கு ஒரு வாயுக் கசிவும் நடந்திருந்தால் மாவட்டத் திட்டத்தில் 'மக்களைப் பேருந்துகளில் வெளியேற்றுதல்' என்று எழுதியிருக்கும் வரிக்கு என்ன அர்த்தம்? வெள்ளத்துக்குத் தனித் திட்டம், ரசாயனத்துக்குத் தனித் திட்டம் என்று இருப்பதன் கோளாறு இங்கேதான் தெரியும். 1996 விதிப்படி மாவட்ட நெருக்கடிக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர். 2005 சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் தலைவர் அதே ஆட்சியர். 1989 விதிப்படி ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டத்தைத் தயாரிக்க வேண்டிய பொறுப்பும் அவரிடமே. ஒரே மேஜையில் பல கோப்புகள். ஒரு கோப்பில் இருக்கும் வெள்ள வரைபடத்தின் மேல் இன்னொரு கோப்பில் இருக்கும் குளோரின் பரவல் வரைபடத்தை வைத்துப் பார்க்க ஒரு மத்தியான நேரம் போதும்.

ஒத்திகைகள் நடக்காமல் இல்லை. ஆலைக்குள் சைரன் ஊதும், தலைக்கவசம் போட்டவர்கள் ஓடுவார்கள், ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தூக்குவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். அதிலே ஓடுகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்கள் என்பதுதான் குறை. சுவருக்கு வெளியே பீடி சுற்றுகிற அக்காவும், உப்பளத்தில் வேலை பார்க்கிற அண்ணனும், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளும் அந்த ஒத்திகையில் இல்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்கு இதில் என்ன வேலை என்று இன்னும் சந்தேகம் இருக்கலாம். அங்கே பெரிய ரசாயன ஆலை இல்லை, நேரடி வாயு மேகம் அவ்வளவு தூரம் வருவதும் கஷ்டம். ஆனால் கடற்கரைப் பக்கம் ஏதாவது ஆனால் மேற்கே ஓடி வருகிறவர்கள் வந்து இறங்கும் ஊர்களில் அது ஒன்று. தாலுகா தலைநகர், பேருந்து நிலையம், ரயில் நிலையம், அரசு ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே உண்டு. ஓடி வருகிறவர்களின் துணியில் ரசாயனம் இருக்கும். அதைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே வார்டுக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் நர்ஸ் அக்காவும் படுக்கையில் விழுவார். அதற்கு ஒரு தனி வாசல், சில குழாய்கள், மாற்றுத்துணி, போதுமான ஆக்சிஜன் சிலிண்டர், இதைச் செய்து பழகிய நான்கு பேர் வேண்டும். இதற்கு டெல்லியில் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது.

போபால் ரயில் நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த துணை நிலைய அதிகாரி குலாம் தஸ்தகீர், மேலிட உத்தரவுக்குக் காத்திருக்காமல், பயணிகள் நிரம்பிய ஒரு ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பி விட்டார். அந்த வாயுவால் அவருடைய உடம்பு கடைசிவரை கெட்டது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் 39 வருஷம் கழித்து ரயிலைப் போகவிடாமல் நிறுத்தினார்கள். அங்கே போனதால் பிழைத்தார்கள், இங்கே நின்றதால் பிழைத்தார்கள். இரண்டு இடத்திலும் முடிவெடுத்தது ஸ்டேஷனில் இருந்தவர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தண்டவாளத்தில் வெள்ளம் ஏறினால் ரயிலை நிறுத்து என்பது ரயில்வேயில் எழுதி, சொல்லிக்கொடுத்து, பழக்கி வைத்த விஷயம். தஸ்தகீருக்கு அப்படி எதுவும் சொல்லித்தரப்படவில்லை.

சொல்லித்தரக்கூடியவை ரொம்பச் சின்ன விஷயங்கள். ரசாயன டேங்கர் லாரியின் பின்னால் ஒரு பலகை இருக்கும், அதில் நான்கு இலக்க எண். 1005 என்றால் அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம், 1075 சமையல் எரிவாயு. விபத்தைப் பார்த்தவர் கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே அந்த எண்ணைப் படித்து, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077க்குச் சொன்னால், தீயணைப்பு வண்டி கிளம்பும்போதே எதற்குக் கிளம்புகிறோம் என்று தெரிந்து கிளம்பும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியடில் சொல்லிவிடலாம்.

காற்றைப் பற்றி இந்த ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கச்சான் எப்போது, கொண்டல் எப்போது, வாடை எப்போது என்று கடற்கரைக்காரர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆடியில் மேற்குக் காற்று எல்லாவற்றையும் கடலுக்குத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடையும் கொண்டலும் கடலிலிருந்து ஊருக்குள் தள்ளும். வெள்ளம் வருவதும் அதே மாதங்களில்தான். மாதா மாதம் கூட வேண்டிய அந்த உள்ளூர்க் குழு ஐப்பசி பிறக்கும் முன்பு ஒரு தடவை கூடி, அதில் மீனவர் ஒருவரையும் வாய்க்கால் மடை பார்க்கும் நீர்க்கட்டி ஒருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, காற்றும் தண்ணீரும் ஒரே நேரத்தில் எந்தத் தெருவுக்கு வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், அந்தக் குறிப்பேட்டின் ஒரு பிரதியை ஸ்ரீவைகுண்டம் ஆஸ்பத்திரி சுவரில் ஒட்டலாம், இன்னொன்றை ரயில் நிலையத்தில்.